பாம்பன் பாலமும் மாத்தளைக்கு வந்த பாதையும்

பாம்பன் பாலம் நமது நாட்டில் இல்லை. தமிழ்நாட்டின் கரையையும் இராமேஸ்வரம் தீவையும் இணைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் நிற்கிறது. ஆனாலும் மாத்தளை மாவட்டத்து மக்களின் வரலாற்றை எழுதுகிறவர் அந்தப் பாலத்தைக் கடக்காமல் எழுத முடியாது என்பது என் எண்ணம்.

பாலம் வருவதற்கு முன் இருந்த நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து அநுராதபுரம், தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். மலைநாட்டை நோக்கி நடந்தவர்கள் கண்ட முதல் பெரிய ஊர் நமது மாத்தளை. பின்னர் அந்தக் காட்டுப் பாதை கைவிடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வரும் வழக்கம் ஏற்பட்டது.

1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அதன்பின் சென்னையில் ஒரே பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு தனுஷ்கோடிவரை ரயிலிலும், தலைமன்னார்வரை கப்பலிலும், கொழும்புவரை மீண்டும் ரயிலிலும் வரலாம். 'போட் மெயில்' என்று பெயர் பெற்றது இந்தப் பயணந்தான். தோட்டத் தொழிலாளர்களோ முதலில் மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகச் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டு, அதன் பிறகே பாலத்தைக் கடந்தார்கள்.

ரயில் போக வேண்டும். அதே இடத்தில் கப்பலும் போக வேண்டும். இதற்கு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஏற்கெனவே ஒரு வழி கண்டிருந்தார்கள். நகரின் நடுவே ஓடும் சிக்காகோ ஆற்றின் மேல் ரயில் பாலம் ஒன்று தேவைப்பட்டபோது, வில்லியம் ஷெர்சர் என்ற பொறியியலாளர் உருண்டு திறக்கும் பாலத்தை வடிவமைத்தார். 1893இல், அது கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே, அவர் காலமாகிவிட்டார். அவருடைய அந்த முறையே பாம்பன் கடலுக்கும் வந்தது.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். பாம்பன் பாலத்தின் திறக்கும் பகுதி இரண்டு இரும்புக் கைகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 400 தொன்னுக்கும் அதிகமான எடை. கையின் அடிப்பகுதி ஆடுநாற்காலியின் கால்போல வளைந்திருக்கும். திறக்கும்போது அந்த வளைவு தண்டவாளம்போன்ற தட்டின்மீது பின்னோக்கி உருளும். முன்நுனி வானத்தை நோக்கி எழும். உருளும்போதே கை பின்னால் நகர்ந்துவிடுவதால் கப்பலுக்கு இன்னும் அகலமான வழி கிடைக்கிறது. இவ்வளவு எடையைத் தூக்கியது பெரிய இயந்திரம் அல்ல, தொழிலாளர்களின் கைகள். அவர்கள் பற்சக்கரங்களைச் சுழற்றியே பாலத்தைத் திறந்தார்கள். நம்ப முடியவில்லையா? மிளகுக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். இரு தட்டிலும் சமமான எடை இருந்தால் ஒரு விரலால் தொட்டாலே தராசு அசையும். பாலத்தின் பின்பக்கத்திலும் அப்படி ஒரு எதிரெடை இருந்தது. மனிதர்கள் எடையைத் தூக்கவில்லை. சமநிலையை அசைத்தார்கள், அவ்வளவுதான்.

1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில் பாலத்திலிருந்து விழுந்ததாகப் பலரும் சொல்வதுண்டு. அது சரியல்ல, தனுஷ்கோடிக்கு அருகில்தான் அந்த விபத்து நடந்தது. பாலத்தின் இரும்புத் துலாக்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. ஆனால், திறக்கும் பகுதி தப்பிவிட்டது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர், கடலுக்குள் கிடந்த துலாக்களையும் மீட்டெடுத்து, 46 நாட்களில் பாலத்தை மீண்டும் இயங்கச் செய்தார்.

அவ்வளவு விரைவாகச் சரிசெய்த பாலத்தில் அடுத்துப் போனவர்கள் யார் என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கே பிறந்து, கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் வாழ்ந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, பாம்பன் பாலத்தின்மேல் போனார்கள். பாட்டன் வந்த பாலம். பேரன் போன திசை வேறு. "கடையில கணக்குத் தீர்க்க வந்தாங்க புள்ள. ஒரு சதம் பாக்கி வைக்கல்ல. அடுத்த நாள் கோச்சி ஏறிட்டாங்க" என்று எங்கள் வாப்பும்மா சொல்வார். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்குச் சரியான பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

1980களில் கப்பல் நின்றது. 2022 டிசம்பரில், உப்புக்காற்றில் அரித்துப்போன பழைய பாலத்தில் ரயிலும் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆந் திகதி அதன் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீற்றர் நீளமான நடுப்பகுதி மின்தூக்கிபோல நேராக 17 மீற்றர் உயரத்துக்கு எழும்புகிறது. கைகளால் சுழற்ற வேண்டிய தேவை இல்லை. நம் பக்கத்திலும், போரினால் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டு, ரயில் இறங்குதுறைவரை போகிறது. அங்கிருந்து தனுஷ்கோடி சுமார் 35 கிலோமீற்றர் தூரம். இந்தப் பக்கமும் ரயில் ஓடுகிறது, அந்தப் பக்கமும் ஓடுகிறது. நடுவில் கப்பல் மட்டும் இன்னும் வரவில்லை.