ஆகாயப் படத்தை நிலத்தோடு பொருத்தும் முறை

செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைக் கொண்டு பயிர்ப் பரப்பையும் பயிரின் நிலைமையையும் கணிக்கும் முறை தற்காலத்தில் பரவி வருகிறது. 2016-ம் வருஷத்தில் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் இப்படங்கள் துணையாகக் கொள்ளப்படுகின்றன. ஆகவே இது நிபுணர்களுக்கு மட்டுமே உரிய விஷயமென்று குடியானவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் எண்ணியிருத்தலாகாது. படம் எவ்வளவு தெளிவாயிருப்பினும், அது நிலத்தின்மேல் சரியாகப் பொருந்தாவிடில் ஒருவருடைய நெல் அடுத்தவருடைய தரிசாகக் கணக்கில் ஏறிவிடும்.

கட்டமும் வயலும்

ஆகாயப் படம் என்பது சிறு சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்களில், பயிரைக் கணிக்க முக்கியமாக உதவும் நிறங்களுக்குக் கட்டம் ஒன்று 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ளது. அதாவது சுமார் இரண்டரை சென்டு. ஓர் ஏக்கருக்குச் சுமார் 40 கட்டங்கள் அமையும். 20 மீட்டர் அகலமுள்ள வயலில் படம் குறுக்கே ஒரு கட்டம் விலகினால், பாதி வயலின் கணக்கு பக்கத்து நிலத்திலிருந்து வந்துவிடும். வைகை, பெரியாற்றுப் பாசனங்களில் குறுகிய வயல்கள் அநேகமாதலால் இது அற்பமான பிழையன்று.

முதலில் ஒளியைச் சீர்செய்தல்

படத்தைக் கணக்கிற்கு எடுக்குமுன், காற்றிலுள்ள தூசியாலும் ஈரத்தாலும் ஏற்படும் மங்கலை நீக்க வேண்டும். மேகமும் மேகத்தின் நிழலும் விழுந்த இடங்களைக் கணக்கினின்று விலக்க வேண்டும். நிழலை நீர் நிறைந்த வயலென்று எண்ணி ஏமாறுதல் எளிது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மூடியிருக்கும்போது, மேகத்தை ஊடுருவும் ராடார்ப் படங்களே உதவும்.

நிலையான அடையாளங்கள்

அடுத்தது, படத்தில் தெரியும் இடத்தையும் நிலத்திலுள்ள அதே இடத்தையும் இணைக்கும் புள்ளிகளைத் தேர்தல். இக்காலத்தில் படங்கள் பெரும்பாலும் ஓரளவு பொருத்தப்பட்டே கிடைக்கின்றன. ஆயினும் சோதித்துப் பார்த்தல் அவசியம்.

இரு சாலைகள் கூடுமிடம், வாய்க்கால்கள் பிரியுமிடம், பாலத்தின் மூலை, பெரிய கண்மாயின் கலுங்கு ஆகியவை நல்ல அடையாளங்கள். கண்மாயின் நீர்விளிம்பு உதவாது. தையில் இருந்த கரை சித்திரையில் இராது. வைகை மணலில் ஓடும் நீர்த்தாரையும் அவ்வாறே இடம் மாறும். கோபுரத்தின் உச்சியையும் கொள்ளலாகாது. செயற்கைக்கோள் சாய்ந்து நோக்கும்போது உயர்ந்த பொருள்களின் உச்சி அடியினின்று விலகித் தோன்றும். யானைமலை போன்ற குன்றுகளுக்கும் இதே குறை உண்டாதலால், நிலத்தின் உயரக் கணக்கையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

புள்ளிகள் ஒரே மூலையில் குவியாமல், நான்கு மூலைகளிலும் நடுவிலும் பரவியிருத்தல் வேண்டும். சிலவற்றைப் பொருத்துதலில் சேர்க்காமல் சோதனைக்கென ஒதுக்க வேண்டும். அவையெல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் படம் முழுதும் நகர்ந்திருக்கிறது. வெவ்வேறு திசையில் விலகினால் படம் கோணியிருக்கிறது.

மதுரைக்கு உரிய ஒரு சங்கடம்

யூ.டி.எம். என்னும் அளவுமுறையில் உலகம் 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 43-வது மண்டலம் முடிந்து 44-வது தொடங்கும் கிழக்கு 78 பாகைத் தீர்க்கரேகை, மதுரை நகருக்குச் சற்று மேற்கே செல்கிறது. உசிலம்பட்டியும் வாடிப்பட்டியும் ஒரு மண்டலம். மதுரையும் மேலூரும் மற்றொன்று. அந்த ரேகையின்மேல் உள்ள ஒரே வரப்பின் கிழக்களவு, ஒரு மண்டலத்தில் சுமார் 829 கிலோமீட்டர் என்றும் மற்றதில் சுமார் 171 கிலோமீட்டர் என்றும் வரும். இரண்டின் கட்டங்களும் ஒன்றுக்கொன்று சுமார் ஒரு பாகை திரும்பியுமிருக்கும். எண்ணை மட்டும் மாற்றி, திருப்பத்தைச் சரிசெய்யாமல் விட்டால், 10 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 180 மீட்டர் பிழை நேரும். ஆதலால் இரு பகுதிப் படங்களையும் முறைப்படி ஒரே மண்டலத்திற்கு மாற்றிய பின்னரே ஒட்ட வேண்டும். பழைய எவரஸ்ட் அளவில் வரைந்த சர்வே படங்களை மாற்றாமல் சேர்த்தாலும் நூறு மீட்டருக்கு மேல் விலகல் உண்டாகும்.

இரு மாதப் படங்களை ஒப்பிடும்போது இரண்டும் கட்டத்துக்குக் கட்டம் பொருந்த வேண்டும். இல்லையேல் வரப்போரங்களிலும் சாலையோரங்களிலும் நடவாத மாறுதல்கள் தோன்றும்.

கிராமத்தார் செய்யத்தக்கவை

சர்வே கற்களைப் பெயர்க்காமல் பாதுகாக்கவும். பயிர் விவரம் பதியும்போது வரப்பில் நில்லாமல் வயலின் நடுவில் நின்று, தேதியையும் பயிரின் பருவத்தையும் சேர்த்துக் குறிக்கவும். கைப்பேசி காட்டும் இடம் திறந்த வெளியிலும் சில மீட்டர் பிழைபடும். தென்னந்தோப்பினுள் அது இன்னும் மிகும். படக் கணக்கு அடங்கலோடு மாறுபட்டால், எவரையும் குறை கூறுமுன், கிராமத்தின் கலுங்கும் பாலமும் படத்தில் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவும். அவை இடம் பெயர்ந்திருந்தால் பயிர்க் கணக்கும் இடம் பெயர்ந்ததே என அறிந்து, திருத்தம் கோருவது யாவருக்கும் நன்மை பயக்கும்.