ஒரே பெயர், வேறு வேறு நோய்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,



ஆறு மாதங்களுக்கு முன் வார்டில் ஜெபிக்கச் சென்றபோது, நுரையீரல் புற்றுநோயால் அவதிப்பட்ட ஒரு சகோதரி எங்களிடம் கேட்டார்கள்: "ஐயா, நான் பீடியோ சுருட்டோ தொட்டதே இல்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், வீட்டுக்காரர் புகை பிடிப்பாரா என்றுதான் கேட்கிறார்கள். நான் என்ன பாவம் செய்தேன்?"

அந்தக் கேள்வி எங்கள் மனதை விட்டு அகலவில்லை. ஆகவே டாக்டர்கள் எங்களுக்கு விளக்கியதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நுரையீரல் புற்றுநோய் என்பது ஒரே நோயல்ல. மைக்ராஸ்கோப்பில் செல்களைப் பார்த்து, அதை இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, சிறுசெல் புற்று. நூறு நோயாளிகளில் சுமார் 15 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் புகை பிடிப்பவர்களையே தாக்கும். மிக வேகமாகப் பரவுவதால் ஆபரேஷன் செய்ய வாய்ப்பு அபூர்வம். மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் முதலில் நன்றாக அடங்கும். ஆனால் பலருக்குத் திரும்பவும் வந்துவிடுகிறது.

இரண்டாவது பிரிவில் மற்ற சுமார் 85 பேர் அடங்குவர். இதற்குள்ளும் வகைகள் உண்டு. செதில்செல் புற்று பெரும்பாலும் நெஞ்சின் நடுவில், பெரிய மூச்சுக்குழாய்களில் தோன்றும். ஆகவே இருமலும் சளியில் இரத்தமும் சீக்கிரம் வரலாம். இதுவும் புகைப்பழக்கத்தோடு நெருங்கிய தொடர்புள்ளது. சுரப்பிசெல் புற்று, அதாவது அடினோகார்சினோமா, பெரும்பாலும் நுரையீரலின் ஓரப்பகுதியில் தோன்றுவதால் நெடுநாள் வெளியே தெரியாமல் இருக்கும். இன்று அதிகமாகக் காணப்படுவது இதுவே. புகை பிடிக்காதவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வருகிற வகையும் பெரும்பாலும் இதுதான். பெருஞ்செல் புற்று என்று அபூர்வமான வகையும் ஒன்று உண்டு.

வகை தெரியாமல் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. எக்ஸ்ரே நிழலை மட்டும் பார்த்தால் காசநோய் போலவும் தோன்றலாம். அந்தச் சகோதரியும் வேறிடத்தில் ஐந்து மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்ட பிறகே எங்களிடம் வந்தார்கள். சிறிது சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் உண்மையைச் சொல்லும். சுரப்பிசெல் புற்றானால் அதன் மரபணுவையும் சோதிக்கிறார்கள். குறிப்பிட்ட சில மாற்றங்கள் இருந்தால், ஊசி மருந்துக்குப் பதிலாக மாத்திரையே நல்ல பலன் தருகிறது.

அவர்களுக்கு அப்படிப்பட்ட மாற்றம் இருந்தது. பரிசோதனைச் செலவை அந்தக் குடும்பத்தால் தாங்க முடியவில்லை. உங்கள் காணிக்கைகளே அதைச் சந்தித்தன. நோய் முற்றிலும் நீங்கிவிட்டதென்று டாக்டர்கள் சொல்லவில்லை. ஆனாலும் மூச்சுத்திணறல் தணிந்து, இப்போது ஞாயிறு ஆராதனைக்கு நடந்தே போகிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அன்பானவர்களே, புகைப்பழக்கத்தை விடும்படி நம் வாலிபருக்குத் தவறாமல் சொல்லுவோம். இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுவோம். ஆனால் நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது, "புகை பிடித்தீர்களா?" என்று கேட்க வேண்டாம். அதைக் கேட்க டாக்டர் இருக்கிறார். புகை பிடித்தவரானாலும் பிடிக்காதவரானாலும், நம்மிடம் அவர்கள் எதிர்பார்ப்பது ஜெபமும் ஆறுதலுமே.

பயாப்ஸிக்காகக் காத்திருக்கும் ஏழை நோயாளிகளை உங்கள் ஜெபங்களில் தாங்குங்கள்.

கர்த்தருடைய பணியில்,
ஆஸ்பத்திரி போதகரும் ஊழியக் குழுவினரும்