கிதார் நட்டில் உயவிடுதல்

கிதாரின் நட்டில் உயவிடுதல் என்பது, தந்திகள் படிந்திருக்கும் பள்ளங்களில் உராய்வைக் குறைத்து, சுருதி நிலைத்து நிற்க உதவும் ஒரு பராமரிப்பு முறை ஆகும். சுருதி சேர்த்த கிதார் சற்று நேர வாசிப்பிலேயே சுருதி விலகினால், பலரும் முதலில் முறுக்காணிகளையே சந்தேகிக்கின்றனர். பணம் செலவழித்து அவற்றை மாற்றவும் முற்படுகின்றனர். ஆணிகளில் எக்குறையும் இல்லாமல், நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொள்வதாலும் சுருதி விலகும். அப்போது தேவைப்படுவது ஒரு பென்சில் மட்டுமே.

நட்டு என்பது எது?

இங்கு நட்டு எனப்படுவது திருகாணியில் மாட்டும் மரை அன்று. கிதாரின் கழுத்துப் பகுதி முடிந்து தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும் சிறு பட்டையே நட்டு ஆகும். எலும்பு, நெகிழி, பித்தளை ஆகியவற்றில் இது செய்யப்படுகிறது. ஆறு தந்திகளுக்கும் இதில் ஆறு பள்ளங்கள் உண்டு.

நட்டு ஒவ்வொரு தந்தியையும் இரு பகுதிகளாகப் பிரிக்கிறது. பாலத்திலிருந்து நட்டு வரை உள்ளது ஒலிக்கும் பகுதி. நட்டிலிருந்து முறுக்காணி வரை உள்ளது நாம் மீட்டாத பகுதி. பள்ளத்தில் தந்தி தடையின்றி வழுக்கினால் இரு பகுதிகளின் இழுவிசையும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். சிக்கினால் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் நிற்கும்.

உராய்வு சுருதியை எவ்வாறு கெடுக்கிறது?

முரட்டு மாட்டின் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால், ஒருவரே மாட்டை நிறுத்திவிடலாம். கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையிலான உராய்வே இதற்குக் காரணம். வளைந்து செல்லும் கோணம் கூடக்கூட இந்தப் பிடிப்பும் கூடும். நட்டின் மேல் வளைந்து செல்லும் தந்திக்கும் இதே விதி பொருந்தும்.

சான்றாக, உராய்வுக் கெழு 0.2 என்றும், தந்தி நட்டில் 17 பாகை வளைகிறது என்றும் கொள்வோம். கணக்கிட்டால், நட்டின் இரு பக்க இழுவிசைகளுக்கும் இடையே ஏறத்தாழ 6 விழுக்காடு வரை வேறுபாடு நிலைத்து நிற்க முடியும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், 6 விழுக்காட்டு இழுவிசை மாற்றம் அதிர்வெண்ணை 3 விழுக்காடு மாற்றும். இது ஏறத்தாழ அரைச்சுரத்தில் பாதி. இது மேல் எல்லைதான். நடைமுறையில் விலகல் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கையும் பழகிய காது உணர்ந்துவிடும்.

கிதாரின் வடிவமைப்பும் இதில் பங்கு வகிக்கிறது. கிப்சன் லெஸ் பால் வகையில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஆணிகள் பக்கத்துக்கு மூன்றாக அமைந்திருக்கும். இதனால் 3, 4ஆம் தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டிலும் விலகிச் செல்கின்றன. இவ்வகைக் கிதார்களில் 3ஆம் தந்தி அதிகம் தொல்லை தருவதற்கு இது ஒரு காரணம். 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் ஆறு ஆணிகளும் ஒரே வரிசையில் உள்ளதால் தந்திகள் நேராகச் செல்கின்றன. ஆயினும், மெல்லிய தந்திகளைக் கீழே அழுத்திப் பிடிக்கும் சிறு கொக்கியில் உராய்வு ஏற்படும்.

குறையைக் கண்டறிதல்

உயவிடும் முன், குறை நட்டில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பின்வரும் மூன்று சோதனைகளுக்கும் செல்பேசியில் உள்ள சுருதி காட்டும் செயலி போதும்.

1. ஆணியை மெல்லத் திருக வேண்டும். சுருதி சிறிது நேரம் அசையாமல் இருந்து, பின் 'டிங்' என்ற ஓசையுடன் திடீரெனத் தாவினால் தந்தி பள்ளத்தில் சிக்கியுள்ளது.

2. சுருதி சேர்த்த தந்தியை 12ஆம் ஃபிரெட் அருகே பக்கவாட்டில் நன்கு இழுத்து விட வேண்டும். பின் வெறுந்தந்தியை மீட்டினால் சுருதி இறங்கியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இழுத்தபோது ஒலிக்கும் பகுதிக்குள் வந்த தந்தி, திரும்பிச் செல்ல முடியாமல் நிற்பதால் இவ்வாறு இறங்கும்.

3. நட்டுக்கும் ஆணிக்கும் இடையே தந்தியை விரலால் அழுத்தி விட வேண்டும். இப்போது சுருதி ஏறியிருந்தால் அதே சிக்கல் எதிர்த் திசையில் நிகழ்ந்துள்ளது.

2ஆம் சோதனையில் இறங்கி, 3ஆம் சோதனையில் ஏறினால் குறை நட்டில்தான் எனக் கொள்ளலாம். எப்போதும் இறங்கிக்கொண்டே மட்டும் போனால் காரணம் வேறாக இருக்கலாம்: புதிய தந்தி இன்னும் நீண்டுகொண்டிருக்கலாம், ஆணியில் சுற்று சரியாக விழாமல் இருக்கலாம், அல்லது ஆணியே தளர்ந்திருக்கலாம்.

உயவிடும் முறை

தந்தி மாற்றும் நேரமே இதற்கு ஏற்றது. ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் தளர்த்தி, பள்ளத்திலிருந்து தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். பழைய பல்துலக்கியால் பள்ளத்தின் தூசியை அகற்ற வேண்டும். பின், கூராகச் சீவிய 2பி அல்லது அதைவிட மென்மையான பென்சிலின் முனையைப் பள்ளத்தின் அடியிலும் இரு சுவர்களிலும் பலமுறை தேய்க்க வேண்டும். உதிர்ந்த தூளைத் துடைத்துவிட்டுத் தந்தியை மீண்டும் அமர்த்தலாம். கொக்கி இருந்தால் அதன் அடியிலும், பாலத்தில் தந்தி படியும் இடத்திலும் இதையே செய்யலாம்.

பென்சிலில் உள்ள கிராஃபைட், கரிம அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்த பொருள். அடுக்குகளுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது. ஆகவே அவை ஒன்றன்மேல் ஒன்று எளிதில் நழுவுகின்றன. மென்மையான பென்சில்களில் களிமண் குறைவாகவும் கிராஃபைட் மிகுதியாகவும் இருப்பதால் அவை சிறந்தவை. வயலின் கலைஞர்களும் இதே முறையைப் பின்பற்றுகின்றனர். வெள்ளை எலும்பு நட்டில் கருமை படிவது ஒன்றே இதன் குறை. அதை விரும்பாதவர்கள், இதற்கென விற்கப்படும் பசை வகை உயவுப்பொருளைப் பல்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வைக்கலாம், கடுகளவு போதும்.

தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். அவை வழிந்து மரத்தில் ஊறும். தூசியையும் பிடித்து வைக்கும்.

உயவு பயன் தராத இடங்கள்

பள்ளம் தந்தியைவிடக் குறுகலாக இருந்தால் எந்த உயவும் உதவாது. 0.042 அங்குல 6ஆம் தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் 0.046 அங்குலத் தந்தியை மாட்டினால் அது இறுகிப் பிடிக்கும். அப்போது பள்ளத்தை அதற்குரிய அரத்தால் அகலப்படுத்த வேண்டும். தவறி ஆழம் கூடிவிட்டால், வெறுந்தந்தி முதல் ஃபிரெட்டில் உரசி இரையும். நட்டையே மாற்ற நேரிடும். ஆகவே இவ்வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. ஃபிளாய்டு ரோஸ் போன்ற பூட்டும் நட்டுகளில் தந்தி நட்டிலேயே இறுக்கப்படுவதால், அங்கு உயவுக்கு வேலையில்லை.

உயவு தானாகச் சுருதி சேர்ப்பதில்லை; இழுத்த தந்தி தன் இடத்துக்குத் திரும்பிவர வழிவிடுகிறது. எனவே உயவிட்ட பின்னும், சுருதியைச் சற்றுக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றிச் சேர்ப்பதே முறை. பின் மேற்கண்ட சோதனைகளை மீண்டும் செய்து பார்த்தால், குறை நீங்கியதா என்பது தெரிந்துவிடும்.