கதை சொல்லி வாழ்ந்தவர்கள்

மனித வாழ்வு எதனாற் பயனுடையதாகின்றது என்னும் வினாவுக்கு ஞானிகள் கூறிய விடைகள் பல. அவற்றையெல்லாம் ஈண்டு ஆராய நாம் புகுந்தோமில்லை. வேறொரு சிறு வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதனைக் கேட்டவள் ஏழு வயதுப் பெண் குழந்தை.

திருக்கோவிலை அடுத்துள்ள எமது வினாயகபுரத்தில் மாரி காலம் வந்துவிட்டாற் குடை பிடிப்பது வீண் வேலை. கடற்காற்று குடையை மடக்கிக் கம்பியை முறித்து எறிந்துவிடும். வயலுக்குப் போவோர் உரச்சாக்கைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு நடப்பர். அத்தகைய மழை நாளொன்றிலே, வெளியிற் செல்ல வழியில்லாத பேத்திக்கு நான் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். குடையையே கண்டறியாத ஊரொன்றிலே கிரி மாமா என்றொருவர். ஊரார் மழைக்கு வாழையிலையையும் சேம்பிலையையும் சாக்கையும் தலைமேற் பிடிப்பர். பட்டணம் போன கிரி மாமா குடையைக் கண்டு வியந்து ஒன்று வாங்கி வருகிறார். வழியிற் கோப்பி குடிக்க இறங்கியபோது குடை களவு போகிறது. மீண்டும் வாங்குகிறார், மீண்டும் களவு போகிறது. இறுதியில் மடித்த குடைக்குள்ளே காகிதத் துண்டுகளை இட்டு வைக்கிறார். கள்ளன் சென்ற வழியெல்லாம் காகிதம் சிந்திக் கிடக்க, அதனைப் பின்தொடர்ந்து சென்றால், காட்டு மரமொன்றிலே அத்தனை குடைகளும் தொங்குகின்றன! கிரி மாமா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் கள்ளனுக்கென விட்டுவிட்டு வருகிறார். கள்ளன் யாரென்றால், ஒரு குரங்கு.

"களவெடுத்தவனுக்கு ஏன் அம்மம்மா ஒரு குடையை விட்டுட்டு வந்தவர்?" என்றாள் பேத்தி.

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "கதை எழுதின ஆச்சியிட்டத்தான் கேட்க வேணும், மகள்" என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

கதை எழுதிய அம்மையார் சிபில் வெத்தசிங்க. கதையின் பெயர் 'குட ஹொரா'. குடைக் கள்ளன் என்று பொருள். குடை என்ற சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பது எமக்கு மகிழ்ச்சி தருவதாகும். அம்மையார் 1927 ஆம் ஆண்டு காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டை என்னும் கிராமத்திற் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பத்தினருடன் கொழும்புக்கு வந்து, பம்பலப்பிட்டி திருக்குடும்பக் கன்னியர் மடத்திற் கல்வி பயின்றார். சித்திரக் கலையை எவரிடமும் முறையாகக் கற்றாரல்லர். பதினைந்தாவது வயதில் அவர் வரைந்த படங்களைத் தந்தையார் கொழும்புக் கலாபவனக் கண்காட்சியொன்றுக்கு அனுப்பிவைத்தார். அவற்றைக் கண்ட றோயல் ஆரம்பப் பாடசாலைத் தலைமையாசிரியர் எச். டி. சுகதபால, தாம் எழுதிய 'நவ மக' என்னும் வாசிப்பு நூலுக்குப் படம் வரையும் பணியை அச்சிறுமியிடமே ஒப்படைத்தார். கடைசி வரை அவர் கையிலிருந்து தூரிகை இறங்கவில்லை.

1948 இல் 'லங்காதீப' பத்திரிகையிற் சித்திரக்காரியாகச் சேர்ந்தார். பத்திரிகை நிலையத்திலே ஓர் இளம் பெண் மேசை போட்டமர்ந்து படம் வரைவதென்பது அக்காலத்திற் சாதாரண காரியமன்று. சில ஆண்டுகளின் பின் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 'ஜனதா' பத்திரிகைக்கு மாறி, அங்கே படத்தோடு கதையும் எழுதத் தொடங்கினார். பத்திரிகையாளரான தர்மபால வெத்தசிங்கவை மணந்தார். 'குட ஹொரா' 1956 இல் நூலாக வெளிவந்தது. பின்னர் அது யப்பானிய மொழி உட்படப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. இருநூறு வரையிலான சிறுவர் நூல்கள் அவர் கையால் உருவாயின. எத்தனை எழுதினும், அவர் வரைந்த மரமும் வேலியும் வயிறு பெருத்த மாமாக்களும் கிந்தோட்டையிலிருந்து வந்தவையே என்பது எமது துணிபு. சில ஆண்டுகளே வாழ்ந்த கிராமத்தைத் தொண்ணூறு வயது வரை செலவு செய்தும் அது தீர்ந்துபோகவில்லை!

ஆனந்தமான இளமை வாய்த்தவரே இங்ஙனம் கதை சொல்ல முடியும் என்று எவரேனும் எண்ணுவாராயின், அவர் டென்மார்க்குத் தேசத்து ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சனின் சரித்திரத்தைப் படித்தல் வேண்டும்.

அண்டர்சன் 1805 ஏப்ரில் 2 ஆம் தேதி ஓடென்சே நகரிலே ஒரு செருப்புத் தைக்கும் ஏழைத் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தார். தாய் பிறர் துணி வெளுத்துப் பிழைத்தவள். தன் சிறு பராயத்தில் அவள் பிச்சைக்கு அனுப்பப்பட்டு, வெறுங்கையோடு வீடு திரும்ப அஞ்சிப் பாலத்தடியில் அழுதிருந்தாளாம். தீக்குச்சி விற்ற சிறுமியின் கதையைப் படித்து உருகாதார் இல்லை. அச்சிறுமி எங்கிருந்து வந்தாள் என்பதை இச்சம்பவம் ஓரளவு உணர்த்தும். 1816 இல் தந்தை இறந்தார். பதினான்கு வயதில், கையிற் சொற்பப் பணத்துடன் தலைநகரான கோப்பன்ஹேகனுக்குத் தனியே புறப்பட்டான் அப்பையன். நடிகனாக வேண்டும், பாடகனாக வேண்டும் என்பது ஆசை. நெடிய கால், பெரிய மூக்கு, பொருந்தாத உடை; கண்டோர் நகைத்தனர். குரலும் உடைந்துபோயிற்று. நாடக அரங்கின் நிர்வாகிகளுள் ஒருவரான ஜோனாஸ் கொலின் என்னும் பெருந்தகை இரங்கி, அரச உதவி பெற்றுப் பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே பதினேழு வயது இளைஞன் தன்னிலும் மிகச் சிறிய பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்க நேர்ந்தது. தலைமையாசிரியரின் ஏச்சையும் ஏளனத்தையும் அவர் சாகும் வரை கனவிற் கண்டு நடுங்கினாராம்.

1835 இல் அவருடைய முதல் நாவலும் முதற் கதைத் தொகுதியும் வெளிவந்தன. நாவலைப் போற்றிய விமரிசகர்கள், சிறுவர் கதைகளில் இவர் காலத்தை வீணாக்கலாகாது என்று புத்தி கூறினர். காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பை 1820 இற் கண்டறிந்த விஞ்ஞானி ஏர்ஸ்டெட் ஒருவரே, நாவல் இவருக்குப் புகழ் தரும், கதைகளோ இவரைச் சாகாதவராக்கும் என்று முன்கூட்டி உரைத்தார். விஞ்ஞானி கண்டதை இலக்கியப் பண்டிதர்கள் காணவில்லை. பண்டிதர்களுக்கு இது புதிதன்று.

நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கதைகள் எழுதி, அரசர்களின் விருந்தில் அமர்ந்த பின்னரும் அண்டர்சனின் மனம் அமைதி அடைந்ததாகத் தெரியவில்லை. மணம் செய்யவில்லை, வாடகை அறைகளிலும் நண்பர் வீடுகளிலும் காலம் கழித்தார். தமக்கெனத் தளபாடம் வாங்கியது அறுபது வயதைத் தாண்டிய பின்னரே. தீ விபத்துக்கு அஞ்சிப் பிரயாணத்தில் ஒரு கயிற்றையும் உடன் கொண்டுசெல்வார். அவருக்குச் சிலை வைக்க முற்பட்ட சிற்பி, குழந்தைகள் சூழ்ந்து நிற்பதாக மாதிரி அமைத்தபோது, தாம் குழந்தைகளுக்கு மட்டும் எழுதியவரல்லர் என்று சினந்து மறுத்தார். ஆயினும், தம் இறுதி ஊர்வலத்துக்கு இசை அமைக்க வேண்டியவரிடம், பின்னால் வருவோரிற் பெரும்பாலார் குழந்தைகளாயிருப்பர், ஆகையால் தாளம் சிற்றடிகளுக்கு இசைவதாக இருக்கட்டும் என்று சொன்னவரும் அவரே என்பர். 1875 இல் அவர் காலமானார். இந்த முரண்பாட்டை நாம் தீர்த்துவைக்க முயல வேண்டியதில்லை.

துயருற்றவர் ஏன் பிறர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுகிறார் என்பதை நூல்களில் தேட வேண்டிய தேவை எமது கரையோரத்தாருக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 ஆம் தேதி கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்களாகிய நாங்கள் ஒரு பாடசாலை மண்டபத்திலே பாய் விரித்துக் கிடந்தோம். இரவானதும் பிள்ளைகள் உறங்க மறுத்தன. கண்ணை மூடினால் அலை வருகிறது என்றன. எங்கள் மூலைக்கு அடுத்து இருந்தவர் முஸ்லிம் மூதாட்டி ஒருவர். அவரை எல்லாப் பிள்ளைகளும் மூத்தம்மா என்றே அழைத்தன. தம் வீட்டில் இருவரைக் கடலுக்குக் கொடுத்தவர். பகலெல்லாம் வாய் திறவாதிருந்த அவர், மூன்றாம் நாள் இரவு, கேட்பாரின்றியே ஒரு நரியின் கதையைத் தொடங்கினார். இன்று என் பேத்திக்குத் தாயாயிருப்பவள் அப்போது பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளும் எழுந்து போய் அந்தப் பாயில் உட்கார்ந்தாள். நரி தன் வாலை இழந்த இடத்தில் ஒரு குழந்தை சிரித்துவிட்டது. மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூத்தம்மா கதையை நிறுத்தவில்லை.

மட்டக்களப்பிலே பிள்ளைகளுக்குக் கதை சொல்வதையே தம் பணியாகக் கொண்டு, 2022 இல் மறைந்த மாஸ்டர் சிவலிங்கத்தை அறியாதார் கிழக்கில் அரியர். எழுதப்பட்ட கதை நூலில் நிற்கும். குரலும் முகபாவமும் கையசைவுமாய்ச் சொல்லப்பட்ட கதையோ கேட்டவர் நெஞ்சில் மட்டுமே நிற்கும். அவற்றுள் எத்தனை இன்று எஞ்சியுள்ளன?

சிபில் அம்மையார் தம் இறுதிக் காலத்திற் செய்த காரியமொன்று இங்கே நினைக்கத்தக்கது. அற்புதப் பளிங்கு பற்றிய கதையொன்றைத் தொடங்கி, முடிவை எழுதுமாறு நாட்டின் சிறுவர் சிறுமியரிடமே விட்டுவிட்டார். அவர்கள் அனுப்பியவற்றுள் 1,250 முடிவுகள் சேர்க்கப்பட்டு நூலாயின. மிகுதியான முடிவுகளைக் கொண்ட நூல் என்று கின்னஸ் சாதனைப் பதிவிலும் அது இடம்பெற்றது. 2020 ஜூலை 1 ஆம் தேதி, தமது தொண்ணூற்றிரண்டாவது வயதில் அவர் மறைந்தார்.

இதனை நான் பேத்திக்குச் சொன்னேன். கதை எழுதின ஆச்சியிடம் இனிக் கேட்க முடியாது என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சொல்லட்டா?" என்றாள். "காத்துக்குக் குடைக் கம்பி உடைஞ்சு போகும். குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு கிரி மாமாட கடைக்கு வந்து, திருத்தித் தாங்க மாமா எண்டு கேக்கும். அதுக்குத்தான் ஒண்டை விட்டவர்."

"கூலி வாங்கினாரா?" என்று உள்ளேயிருந்து அவள் தாய் கேட்டாள்.

அது நாளைக்குத்தான் சொல்லப்படுமாம்.