நாலிலிருந்து ஆறுக்கு

ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் தட்டை விரலால் பின்பக்கமாகச் சுண்டிவிட்டால் ‘வ்ர்ரூப்’ என்று ஓர் ஒலி கிளம்பி அடங்கும். டிஜேக்கள் அதை பேக்ஸ்பின் என்கிறார்கள். தட்டின் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தேய்ப்பது ஸ்க்ராட்ச். பார்ப்பவருக்கு இரண்டும் வெறும் கைவிளையாட்டாகத் தெரியலாம். சேலம் சூரமங்கலத்து மண்டபம் ஒன்றில், முகூர்த்தத்துக்கு முந்தின இரவு வரவேற்பில் தமிழ்ப் பாட்டாகப் போட்டுக்கொண்டிருப்பவருக்கோ, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ இவை இல்லாமல் ஆகாது.

இரண்டும் பிறந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1970களில். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் மும்முரமாக ஆடுகிறது என்று அங்கிருந்த டிஜேக்கள் கண்டுகொண்டார்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றதைப் பின்னால் சுற்றி, அதே துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டார். எவ்வளவு சுற்றுவது என்பதற்குத் தட்டின் நடு லேபிளில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு எடுப்பது 1.8 விநாடி. பாட்டு நிமிடத்துக்கு 100 அடி என்றால் ஒரு சுற்றில் சரியாக மூன்று அடி. நாலு அடி பின்னால் போக ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று மேல். கணக்கு அவ்வளவுதான், கைதான் பழக வேண்டும். அவரிடம் பழகிய சிறுவன் தியோடர், அம்மா சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தியபோது ஓடும் தட்டைக் கையால் பிடித்தான். விரலடியில் எழுந்த ‘சிக்கு சிக்கு’ பிடித்துப்போனது. ஸ்க்ராட்ச் அப்படி வந்தது என்பார்கள். 1983இல் ஹெர்பி ஹான்காக்கின் ‘ராக்கிட்’ என்ற இசைப்பதிவு அதை உலகம் முழுக்கக் கேட்க வைத்தது.

அதே காலத்தில் நம்மூர் ரேடியோ செட்காரர்களும் இசைத்தட்டு வைத்துத்தான் கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் பாட்டுப் போட்டார்கள். ஓடுகிற தட்டில் எவனாவது கை வைத்தால் முதுகில் விழும். சொன்னதையே சொல்பவரை ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று நாம் கேலி செய்கிறோமே, இங்கே பழுதாக இருந்த அந்தத் திரும்பலைத்தான் பிராங்க்ஸ்காரர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்.

இன்றைய கன்சோலில் பெரும்பாலும் ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. பாட்டு லேப்டாப்பில் இருக்கும். வட்டமான ஜாக் வீல் கையின் அசைவை மட்டும் அதற்குச் சொல்லும். இசைத்தட்டைத் தேய்ப்பது போலவே குறுந்தகட்டையும் தேய்க்கலாம் என்று 2001இல் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-1000 காட்டியது.

மேற்கத்திய நடன இசையை இணைப்பது எளிது. எல்லாமே நாலு நாலாகப் போகும். தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் நீளமாக இருக்கும். வேகத்தைச் சமன் செய்து ஒன்றன் மேல் ஒன்றை ஏற்றிவிடலாம். தமிழ் சினிமாப் பாட்டு அந்த வசதிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒன்று புல்லாங்குழலில் தொடங்கும், இன்னொன்று எடுத்ததுமே குரலில் தொடங்கும். வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து நேரடியாக வாசித்த பழைய பதிவுகளில் வேகம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இவற்றையெல்லாம் கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது நடை. மெலடி பலவும் ‘தகதிமி’ என்று நாலாகப் பிரியும். குத்துப் பாட்டு பெரும்பாலும் ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக, ஆறாக ஓடும். இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கினாலும் ஓர் அடிக்குள் ஒன்று நாலாகவும் மற்றது மூன்றாகவும் உடைகிறது. ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் தகரம் உருண்ட மாதிரி இருக்கும். ஆடுபவரின் கால் நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் பேக்ஸ்பின். ஓடும் பாட்டின் கடைசி நாலு அடியில், மூன்றாவது அடி விழும்போது வீலைப் பின்னால் சுண்ட வேண்டும். ஒலி தலைகீழாக ஓடி, சுருதி ஏறி, சுழற்சி தளரத் தளர இறங்கும். அந்த இரண்டு அடி நேரத்தில் காது பழைய நடையை விட்டுவிடுகிறது. அடுத்த ‘ஒன்று’ விழும் கணத்தில் குத்துப் பாட்டின் முதல் அடி தொடங்கி, பழைய பாட்டின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஃபேடர் தாமதித்தால் சுழன்று முடித்த பழைய பாட்டு மறுபடி நேராக ஓடத் தொடங்கி மானத்தை வாங்கிவிடும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். சுண்டும் முன்பே பழைய பாட்டின் பேஸைக் குறைத்துவிட்டால் ஒலி குழம்பாது.

ஸ்க்ராட்ச் எதிர்த்திசையில் வேலை செய்கிறது: போகும் பாட்டை அழிப்பதற்குப் பதிலாக, வரும் பாட்டை முன்கூட்டி அறிவிக்கிறது. புதுப் பாட்டின் முதல் அடியை, தொடங்க வேண்டிய இடமாகக் குறித்துவைத்த கியூ புள்ளியில் நிறுத்தி, பழைய பாட்டு இன்னும் ஓடும்போதே அந்த ஓர் ஒலியை மட்டும் முன்னும் பின்னும் தேய்த்து, ‘ஒன்று’ வரும்போது கையை எடுத்துவிடுவார்கள். ஃபேடரைத் தொடாத இந்த எளிய தேய்ப்புக்கு பேபி ஸ்க்ராட்ச் என்று பெயர். பின்னால் இழுக்கும்போது மட்டும் ஃபேடரை மூடினால் ஒலி துண்டு துண்டாக, கூர்மையாக விழும். மென்மையான வயலினைத் தேய்த்தால் ஒன்றும் கிடைக்காது. தவில் அடி, ‘ஏய்’ என்ற கூவல், பித்தளை வாத்திய வெடிப்பு போலச் சட்டென்று எழும் ஒலிகளே ஏற்றவை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறும வைக்கும் உருமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஓசை அவ்வளவு அந்நியமானதும் அல்ல.

ஆனால் பாட்டுக்குப் பாட்டு இதையே செய்தால் சலித்துவிடும். அரை மணி நேரத்தில் இரண்டு பேக்ஸ்பின் தாராளம். இரவு 10 மணிக்கு மேல் மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி; எனவே திறந்தவெளி வரவேற்பு என்றால் ஒன்பதரையிலிருந்து அவசரம் தொற்றிக்கொள்ளும், கேட்ட பாட்டையெல்லாம் ஒரு சரணத்தோடு வெட்டித் தாவ வேண்டியிருக்கும், அப்போது எண்ணிக்கை கூடுவதைத் தவிர்க்க முடியாது. கடைசிப் பாட்டுக்கு மட்டும் எந்த வித்தையும் வேண்டாம். பின்னால் இன்னொரு பாட்டு வராத பேக்ஸ்பின், கரண்ட் போனது போலத்தான் கேட்கும்.