குடித்தவர் ஓட்டிய வண்டியும் குடிக்காத குடும்பமும்



மது ஹராம் என்பதை நம் மதரஸாவில் ஓதும் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அப்படியிருக்க, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பற்றி நம் மடலில் எதற்கு ஒரு கட்டுரை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் சாலையில் குடித்தவருக்கு ஒரு பாதை, குடிக்காதவருக்கு ஒரு பாதை என்று கிடையாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடும் திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் தொழுதுவிட்டு வருபவரும், மில்லில் ஷிப்டு முடித்துத் திரும்புபவரும், மதுக்கடையிலிருந்து கிளம்பியவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். டாஸ்மாக் கடைகளை இரவு 10 மணிக்கு மூடுகிறார்கள். ரமளானில் தராவீஹ் முடிந்து பெண்களும் பிள்ளைகளும் வீடு திரும்புவதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான்.

குடித்த பாவம் குடித்தவரைச் சேரும். ஆனால் அவர் ஓட்டிய வண்டியால் வரும் இழப்பை, ஒரு சொட்டும் தொடாத குடும்பம் சுமக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு மார்க்கமும் நாட்டுச் சட்டமும் உரிமைகளைத் தந்திருக்கின்றன. அந்த உரிமைகளுக்குக் கெடு உண்டு. அது தெரியாமல், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி யத்தீம் பிள்ளைகளின் பங்கைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அரை நொடியில் எட்டு மீட்டர்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். குறுக்கே ஒருவர் வருவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்கச் சிறிது நேரம் ஆகிறது. மது அந்த நேரத்தை நீட்டுகிறது. அரை நொடி தாமதித்தாலே வண்டி 8 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். இரண்டு கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தும் தூரம் அது. குடிக்காதவர் தெருவைக் கடப்பவருக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிடுவார். குடித்தவரின் வண்டி அவர் மேல் ஏறிய பிறகுதான் நிற்கும்.

மது பார்வையையும் மங்கச் செய்கிறது. எதிரே வரும் வண்டியின் தூரத்தைத் தவறாகக் கணிக்க வைக்கிறது. எல்லாவற்றிலும் கேடு, "நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்ற துணிச்சலைத் தருகிறது. காபி குடித்தால், எலுமிச்சை பிழிந்து குடித்தால், தலையில் தண்ணீர் ஊற்றினால் தெளிந்துவிடும் என்பதில் உண்மை இல்லை. மதுவைக் கரைப்பது கல்லீரல். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். அதை அவசரப்படுத்த முடியாது. இரவு வெகுநேரம் அதிகமாகக் குடித்தவரின் இரத்தத்தில் பஜ்ரு நேரத்திலும் மது மிச்சம் இருக்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம்; மறுபடியும் சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய். இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம்.

அடிபடுவது யார்?

2006 நவம்பர் 12 அதிகாலை, மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் ஒரு கார் நடைபாதையில் ஏறியது. சாலைப் பணிக்காக வந்த கூலித் தொழிலாளிகள் அங்கே உறங்கிக்கொண்டிருந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். 8 பேர் காயமடைந்தார்கள். கார் ஓட்டிய இளைஞரின் இரத்தத்தில் மது இருந்ததைச் சோதனை காட்டியது. விசாரணை நீதிமன்றம் 6 மாதச் சிறை விதித்தது. உயர்நீதிமன்றம் அதை 3 ஆண்டாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. இறந்தவர்கள் செய்ததெல்லாம் நாள் முழுக்க உழைத்துவிட்டு உறங்கியது மட்டுமே. தீர்ப்பு முடிவாக வர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நம் மாநிலத்தின் கணக்கும் சிறியதல்ல. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்து, 17,884 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். எல்லாம் குடியால் நடந்தவை அல்ல. ஆனால் விபத்து நடந்தவுடன் இரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால், குடியால் நடந்ததும் "அதிவேகம்", "கவனக்குறைவு" என்றே பதிவாகிவிடும்.

நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எதிர்த்து வழக்கறிஞர் கே. பாலு தமிழ்நாட்டிலிருந்து தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பு வந்தது. 20,000 பேர் வரை உள்ள சிற்றூர்களுக்கு அந்தத் தூரம் பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் தந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நகராட்சிகள். நம் ஊர்களுக்குள் நெடுஞ்சாலைதான் கடைத்தெரு. நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியும் அதுதான்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை

முதலில் உயிர். 108க்கு அழையுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டில் எங்கு விபத்து நடந்தாலும், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும். கையில் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவர் விரும்பாவிட்டால், பெயரைச் சொல்லும்படியோ சாட்சியாக வரும்படியோ அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டாவது, மதுப் பரிசோதனை. ஓட்டியவர் மேல் மது வாசனை இருந்தால், வரும் காவலரிடம் அதை அப்போதே சொல்லி, புகாரிலும் எழுதிக் கொடுங்கள். குடித்து ஓட்டியதற்காகக் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நேரம் போகப் போக இரத்தத்திலிருந்து ஆதாரமும் போய்விடும். மறுநாள் சொல்வதில் பயன் குறைவு.

மூன்றாவது, மௌத்து ஏற்பட்டுவிட்டால் பிரேதப் பரிசோதனை. மையித்தை விரைவாக அடக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் வழிமுறை. அந்த அவசரத்தில், பரிசோதனை வேண்டாம் என்று மன்றாடும் குடும்பங்கள் உண்டு. விபத்து மரணத்தில் அதைத் தவிர்க்கக் கூடாது. மரணத்துக்குக் காரணம் அந்த விபத்துதான் என்று நிரூபிக்கும் முதல் ஆவணம் அதுவே. அடிபட்டவர் சில வாரம் படுக்கையில் கிடந்து பின்னர் வீட்டில் இறந்தாலும், அடக்கம் செய்வதற்கு முன் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

நான்காவது, காகிதங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனைச் சீட்டுகள், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வயதுக்கான சான்று, மில்லின் சம்பளச் சீட்டு அல்லது வங்கிப் பாஸ்புக், மோதிய வண்டியின் எண், அதன் இன்சூரன்ஸ் விவரம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

இத்தாவும் ஆறு மாதக் கெடுவும்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டம். கணவரை இழந்த பெண்ணின் இத்தா 4 மாதம் 10 நாள். "இத்தா முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இருந்துவிட்டால், ஐம்பது நாட்களுக்குச் சற்று அதிகமாகத்தான் மிச்சம் இருக்கும். அதற்குள் வக்கீல் பார்த்து, சான்றிதழ்கள் வாங்கி, மனு தயாரிக்க வேண்டும்.

இத்தா காலத்தில் காகிதம் சேர்ப்பதற்கோ கையெழுத்துப் போடுவதற்கோ தடை இல்லை. வக்கீல் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கலாம். அலைச்சலை மகனோ, சகோதரனோ, ஜமாஅத்தோ ஏற்றுக்கொள்ளலாம். வெளியே போக வேண்டிய கட்டாயம் வந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள். தேவையின் நிமித்தம் பகலில் வெளியே செல்ல மார்க்கத்தில் வழி உண்டு.

மனுவை விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நாம் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாத பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் வைத்து இழப்பீட்டைக் கணக்கிடுகிறார்கள். சம்பளம் வாங்காத இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்று உச்சநீதிமன்றம் 2021இலும் சொல்லியிருக்கிறது. மோதிய வண்டி நிற்காமல் போய், இன்ன வண்டி என்றே தெரியாவிட்டாலும், மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் வருவாய்த் துறை வழியாகக் கோரலாம்.

"குடித்து ஓட்டினால் இன்சூரன்ஸ் வராது"

இப்படிச் சொல்லித்தான் பல குடும்பங்களைச் சொற்பத் தொகைக்குச் சம்மதிக்க வைக்கிறார்கள். "கேஸ் போட்டால் ஒன்றும் கிடைக்காது, இதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். குடித்து ஓட்டியவர் தன் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கோர முடியாது என்பது சரி. ஆனால் அவரால் அடிபட்ட மூன்றாம் நபரின் நிலை வேறு. இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைக் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. கேரள உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. எனவே வக்கீலிடம் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதில் நமக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நிறுவனம் பின்னர் வசூலிக்க வருவது வண்டி உரிமையாளரிடம். "கொஞ்சம் பைக்கைக் கொடு" என்று கேட்பவருக்குச் சாவியைக் கொடுத்தவர், வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரலாம்.

மன்னிக்கும் உரிமை யாருக்கு?

தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றுவிட்டாலும், இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்பதை சூரத்துந் நிஸாவின் 92ஆவது வசனம் விதிக்கிறது. அவர்களாகவே விட்டுக்கொடுத்தால் தவிர அது கடமை. ஆகவே இழப்பீடு கேட்பது பொறுமைக்கு முரண் அல்ல. "பிணத்தை வைத்துப் பணம் பண்ணுகிறார்கள்" என்று பேசுவது அறியாமை. மன்னிப்பது உயர்ந்த குணம்தான். ஆனால் தனக்குரியதைத்தான் ஒருவர் மன்னிக்கலாம். யத்தீம் பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் பெரியத்தாவுக்கும் இல்லை, மாமாவுக்கும் இல்லை, ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இல்லை. சமாதானம் பேச உட்காரும் பெரியவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். யத்தீமின் பொருளை அநியாயமாக உண்பது பற்றி அதே சூராவின் 10ஆவது வசனம் விடுக்கும் எச்சரிக்கை மிகக் கடுமையானது.

நம் வீட்டிலிருந்து

நம் இளைஞர்களில் ஒருவரும் குடிப்பதில்லை என்று மார்தட்டும் நிலையில் நாம் இல்லை. கல்யாண வீட்டுக்கும் சுற்றுலாவுக்கும் போகும்போது நண்பர்கள் வட்டத்தில் என்ன நடக்கிறது என்று பெற்றோர் விசாரிக்க வேண்டும். குடித்த நண்பன் ஓட்டும் பைக்கில் பின்னால் ஏறக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவருடன் பயணிப்பவர் மீதும் வழக்கு என்று அறிவித்தது. "எந்த நேரமானாலும் போன் பண்ணு, அத்தா வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், திட்ட மாட்டேன்" என்று மகனிடம் ஒரு தடவை சொல்லி வையுங்கள். வேன், கார் வாடகைக்கு அமர்த்தும்போது டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். சந்தேகம் வந்தால், கொடுத்த அட்வான்ஸ் போனாலும் போகட்டும், ஏறாதீர்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கல்லையும் முள்ளையும் அகற்றுவது நன்மை என்றால், தடுமாறுகிறவரின் கையிலிருந்து சாவியை வாங்கி வைப்பதும் அந்த நன்மையில் சேரும். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. அவர் உயிரும் காக்கப்படும், எதிரே வருபவர் உயிரும் காக்கப்படும்.

விபத்தில் ஒருவரை இழந்த குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், ஆறுதல் சொல்லப் போகும்போதே விபத்து நடந்த தேதியைக் கேட்டு, கெடு நாளையும் எண்ணிச் சொல்லுங்கள். வழி தெரியாமல் நின்றால் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். காகிதங்களைச் சரிபார்த்து, செல்ல வேண்டிய இடத்துக்கு உடன் வருவோம், இன்ஷா அல்லாஹ்.

நம் பாதைகளையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. சாலையில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குப் பொறுமையையும் நியாயத்தையும் தருவானாக. ஆமீன்.