பாம்பின் கால்

மலைப்பாம்பைப் புரட்டி வயிற்றுப்பக்கம் பார்த்தால், வால் தொடங்கும் இடத்தில், கழிவுத்துளைக்கு இருபுறமும் இரண்டு சிறு நகங்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஆண் பாம்புக்கு இவை சற்றுப் பெரியவை. இணைசேரும்போது பெண்ணின் உடலை இவற்றால்தான் வருடும். நகத்துக்கு உள்ளே, தசையில் புதைந்தபடி, ஒரு குட்டித் தொடையெலும்பு. அதற்கும் மேலே இடுப்பெலும்பின் மிச்சம். 'பாம்பின் கால் பாம்பறியும்' என்பதை மலைப்பாம்பைப் பொறுத்தவரை சொல்லுக்குச் சொல் உண்மையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பாம்புகளின் மூதாதையர் நாலு கால் பல்லிகள். அர்ஜென்டினாவின் படகோனியாவில் கிடைத்து, 2006இல் 'நஜாஷ்' என்று பெயரிடப்பட்ட புதைபடிவப் பாம்புக்குப் பின்னங்கால்கள் இருந்தன. அது வாழ்ந்து ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்படியானால் அந்தக் கால்கள் எப்படிப் போயின? கால் செய்யும் மரபணுவையே பாம்பு தொலைத்துவிட்டதா? எலும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. கரு வளரும் விதத்தில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். 'ஈவோ-டீவோ' என்று செல்லமாக அழைக்கப்படும் பரிணாமக் கருவளர்ச்சி உயிரியலின் வேலையே அதுதான்.

எலியோ மனிதரோ, கருவில் கையும் காலும் முதலில் சிறு மொட்டுகளாகத்தான் எழும்பும். மொட்டின் ஓர் ஓரத்தில், சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்தில், 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற மரபணு விழித்துக்கொள்ளும். அதிலிருந்து வரும் புரதம் மொட்டுக்குள் பரவி, எத்தனை விரல், எது கட்டைவிரல், எது சுண்டுவிரல் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் அதே மரபணு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் குடலுக்கும்கூட வேண்டும். 1996இல் ஆய்வாளர்கள் அதை நீக்கிப் பார்த்தபோது எலிக்கருக்களின் மூளை இரு பாதியாகப் பிரியவில்லை. அவை பிழைக்கவும் இல்லை. காலை விடுவதற்காக இந்த மரபணுவை விட்டுவிட எந்தப் பாம்பாலும் முடியாது.

விடக்கூடியது அதன் சுவிட்சை. ஒரே விளக்குக்கு மாடியில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று பல சுவிட்ச் வைப்பதுபோல, இந்த மரபணுவுக்கு ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிச் சுவிட்சுகள் உண்டு. கை கால்களுக்கானதன் பெயர் இசட்.ஆர்.எஸ். டி.என்.ஏ.வில் சுமார் 800 எழுத்து நீளமுள்ள சிறு துண்டு அது. மரபணுவுக்குப் பக்கத்தில்கூட இல்லை: மனிதரில் ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. டி.என்.ஏ. இழை வளைந்து மடியும்போதுதான் இரண்டும் நெருங்குகின்றன. இந்தத் துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கலாம். எழுத்தாளர் ஹெமிங்வேயின் கீ வெஸ்ட் வீட்டில் திரியும் ஆறு விரல் பூனைகளுக்கும் காரணம் இங்கே நேர்ந்த மாற்றமே. துண்டை முழுதாக நீக்கினால்? 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நீக்கினார்கள். எலியின் மற்ற உறுப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கால்களின் நுனிப்பகுதி மட்டும் உருவாகவில்லை.

2016இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எவ்ஜெனி குவோனும் ஆக்சல் விசெலும் சக ஆய்வாளர்களும் எலியின் இசட்.ஆர்.எஸ்.ஸை எடுத்துவிட்டு, மற்ற உயிரினங்களின் சுவிட்சை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். மனிதச் சுவிட்சோடு பிறந்த எலிக்கு இயல்பான கால்கள். சீலகாந்த் என்ற மீனின் சுவிட்சோடும் அப்படியே! விரலே இல்லாத, 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நம் கிளையிலிருந்து பிரிந்துபோன மீனின் டி.என்.ஏ. எலிக்கு விரல் முளைக்க வைத்தது என்பதை முதலில் படித்தபோது, அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. பாம்பின் சுவிட்சை வைத்தபோதோ கால்கள் குட்டையான கட்டைகளாக நின்றுவிட்டன. பாம்பின் துண்டில் 17 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அவற்றைச் சேர்த்து மறுபடி வைத்தார்கள். எலிக்கு முழுக் கால் வந்தது.

இதை வைத்து அந்த 17 எழுத்தால் மட்டுமே பாம்பின் கால் போயிற்று என்று சொல்லிவிடக் கூடாது. சுவிட்சில் வேறு சிதைவுகளும் உண்டு. முன்னங்கால் கதையே வேறு. மலைப்பாம்புக் கருவில் அதற்கு மொட்டுகூட எழுவதில்லை.

பின்னங்காலுக்கோ மொட்டு எழுகிறது. அதே 2016இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ்கா லீலும் மார்ட்டின் கோனும் மலைப்பாம்பு முட்டைகளைத் திறந்து பார்த்தார்கள். மொட்டில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் ஒரு நாள் அளவுக்கு விழித்து, அணைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்திலேயே கணுக்கால் வரைக்கும், பாதத்துக்கும்கூட, எலும்பின் முன்வடிவங்கள் திரள்கின்றன. பிறகு தொடையெலும்புக்குக் கீழே உள்ளவை கரைந்துபோகின்றன. பயனில்லாத இந்த ஏற்பாடு ஏன் இத்தனை கோடி ஆண்டுகளில் அழிந்துபோகவில்லை? காலை உருவாக்கும் வேறு சில சுவிட்சுகள் பாம்பின் இனப்பெருக்க உறுப்பை உருவாக்கவும் தேவைப்படுகின்றன. அவை சிதைந்தால் அந்தப் பாம்புக்குக் குட்டி கிடையாது. கால் போன பிறகும் கால் செய்யும் வழிமுறையின் பெரும்பகுதி அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. காலில்லாத பாம்புகளுக்கு நெருங்கிய உறவாகத் தெரியும் சில புதைபடிவப் பாம்புகளுக்கு முழுப் பின்னங்கால் இருந்ததற்கு, ஒருமுறை போன கால் அங்கே மீண்டும் முளைத்திருக்கலாம் என்று லீலும் கோனும் கருதுகிறார்கள்.